ஜீனோவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?

விஞ்ஞானக் கதை என்றதும் நம்மில் பலருக்கு ஒரே பெயர்தான் நாக்கில் வருகிறது: சுஜாதா. 1980-களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் அவருடைய ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. கதாநாயகி நிலாவைக்கூட மறந்தவர்கள் இருக்கலாம். அவளுக்குத் துணையாக வந்த ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்தவர்கள் இல்லை. பேசும், யோசிக்கும், புத்தகம் படிக்கும், இடையே கிண்டலும் செய்யும் நாய்!

பினாங்குவாசிகளுக்கு அந்தக் கதையில் ஒரு தனி ருசி உண்டு. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியது 1972-இல். கித்தா மரத்தையே பார்த்து வளர்ந்த தோட்டப்புறத்துப் பெண்களும் அங்கே வேலைக்குப் போய், நுண்பெருக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள். பகலில் கையால் செய்த வேலை இரவில் கதையாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

சுஜாதா 2008 பிப்ரவரி 27-இல் காலமானார். ‘என் இனிய இயந்திரா’ நடப்பதாக அவர் கற்பனை செய்த 2020-களும் நம் வீட்டு நாள்காட்டியில் வந்துவிட்டன. இப்போது ஜீனோவைப் படித்து முடித்த பிள்ளை, “அம்மா, இதே மாதிரி வேறு இருக்கிறதா?” என்று கேட்டால், அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த எத்தனையோ பிள்ளைகள், படிவம் ஒன்றுக்குப் போனதும் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதே அருகிவிடுகிறது. கேட்ட மறுவாரமே கையில் ஒரு புத்தகம் கொடுத்தால் அந்தப் பிள்ளை தமிழில் நிற்கும். இல்லையேல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். திரும்பி வருவது கடினம்.

சரி, எங்கே தேடுவது? லிட்டில் இந்தியாவில் சமையல், ஜோதிடம், பக்தி என்று புத்தகங்கள் எளிதில் கிடைக்கும். விஞ்ஞானக் கதைக்கென்று தனி அலமாரியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமும்தான். ஆகவே கடைக்காரரிடம் “விஞ்ஞானக் கதை இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஆசிரியர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், தருவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் முதலில் எழுத வேண்டியது ஜெயமோகனின் ‘விசும்பு’. சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் பாட்டன் காலத்து அறிவையே எடுத்து விஞ்ஞானக் கேள்வியாக மாற்றும் சிறுகதைகள். சற்றுக் கனமானவை, பெரியவர்களுக்கு உகந்தவை. அடுத்தது தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’. மனிதர்கள் பூமியை விட்டு வேறு கிரகத்தில் குடியேறும் நாவல். வேகமாக ஓடும், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகத் தரலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ இருக்கிறது. சாகித்திய அகாதெமியின் 2014-ஆம் ஆண்டு பால சாகித்திய விருது பெற்ற நூல். வேதாளத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே மரத்தில் தொங்கவிடுவது என்ன குறும்பு!

எழுத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளையா? சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸைக் கொடுத்துப் பாருங்கள். 1972-இல் அது ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்த மாயாவியை அப்பாமாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பறியும் கதையில் ஒரு ரோபோவை நுழைத்துவிட்டு விஞ்ஞானக் கதை என்று விற்பவர்கள் உண்டு. நல்லதை எப்படிக் கண்டுகொள்வது? கதையிலிருந்து விஞ்ஞானத்தை உருவிவிட்டுப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது வெறும் ஒப்பனை. விழுந்துவிட்டால் அசல்.

இதற்கு உதாரணம், இலங்கையில் 1956 முதல் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1979-இல் வெளியான ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட நினைக்கிறார் ஒரு பொறியியலாளர். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். அங்கிருந்து கம்பி இறக்கினால், அதன் அடி பூமத்திய ரேகையில் ஒரு மலையுச்சியில் அமைவது நல்லது. அந்த மலையிலோ துறவிகளின் மடம் இருக்கிறது! மடமா, மின்தூக்கியா என்பதுதான் போராட்டம். அந்தக் கணக்கை எடுத்துவிட்டால் கதையே இல்லை. இதற்காகக் கிளார்க் இலங்கையையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். இலங்கையைவிட நம் பினாங்கு பூமத்திய ரேகைக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் நம்மைக் கேட்டிருக்கலாம்! சுஜாதா மறைந்து மூன்றே வாரங்களில், 2008 மார்ச் 19-இல், அவரும் காலமானார்.

ஆங்கிலம் படிக்கும் மூத்த பிள்ளைகளுக்குப் புதியவையும் உண்டு. லாவண்யா லட்சுமிநாராயணின் ‘தி டென் பர்சென்ட் தீஃப்’ பெங்களூரின் எதிர்காலத்தைச் சொல்கிறது. 2024-இல் கிளார்க் பெயரிலான விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நூல் இது. விருது பெற்றதை மட்டும் பார்க்காமல் இத்தகைய பட்டியல் முழுவதையும் பார்ப்பது புதிய புத்தகம் தேட நல்ல வழி. நம் நாட்டுக் கதைகள் வேண்டுமென்றால் ஜென் சோ தொகுத்த ‘சைபர்பங்க்: மலேசியா’ 2015-இல் வந்தது. இவரே பினாங்கை வைத்து 2021-இல் ஒரு நாவலும் எழுதினார். ஆனால் அது ஆவியும் தெய்வமும் வரும் கதை, நம் தாளில் சேராது.

தமிழில் புதிய கைகளைத் தேடுபவர்கள் ‘அரூ’ என்ற இணைய இதழைப் பாருங்கள். 2019-இல் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டி நடத்திப் பல புதியவர்களை எழுத வைத்த இதழ் அது. பிடித்த கதையை எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவருடைய தொகுப்பு வரும்போது வாங்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாகத் தை மாதத்தை ஒட்டி நடக்கும். தமிழில் புதிய நூல்கள் ஏராளமாக வெளிவரும் சமயமும் அதுவே. அப்போது ஊருக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில், சுங்கைப் பட்டாணியில், கே. பாலமுருகன் சிறுவர்களுக்கு மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். விஞ்ஞானக் கதைக்கு முன்படியாக அவற்றைத் தரலாம். ஆனால் பாயான் லெப்பாஸின் சில்லுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்து நல்ல விஞ்ஞான நாவல் ஒன்று வந்தால், அதை முதலில் வாங்குவது நாமாக இருப்போம்.

செலவு? தபால் கூலி சேர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும். நான்கு குடும்பங்கள் கூடி ஆளுக்கு ஒன்றாக வாங்கி மாற்றிக்கொண்டால் நான்கு புத்தகம் படித்தாயிற்று. அட்டைக்கு உள்ளே படித்தவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். புத்தகம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்ற சண்டை வராது.