மீன்களுக்கும் ஒரு கிரகப்பிரவேசம்

வீடு மாறுவது மும்பைத் தமிழர்களாகிய நமக்குப் புதிய விஷயமல்ல. ஊரிலிருந்து வந்த புதிதில் நாலு பேரோடு ஓர் அறை, கல்யாணமானதும் ஒரு வாடகை வீடு, பிறகு கடனை உடனை வாங்கிச் சொந்தமாக ஒரு ஃப்ளாட். இப்போது ‘ரீடெவலப்மென்ட்’ என்ற பெயரில் அந்தச் சொந்த ஃப்ளாட்டையும் காலி செய்து, சில வருடங்கள் வெளியே இருந்துவிட்டு, புதுக் கட்டடம் எழும்பியதும் திரும்ப வேண்டியிருக்கிறது. செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கும் இதே கதைதான். 2018-இல் நெரூலுக்குப் போனோம். 2023-இல் திரும்பி வந்தோம்.

பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் இரண்டு தடவையும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. முதல் தடவை நாங்கள் பறிகொடுத்தது ஐந்து மீன்களை. இரண்டாம் தடவை ஒன்றைக்கூட இழக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா வாங்கிக் கொடுத்த மீன்

2013-இல் என் பெண்ணுக்கு ஐந்து வயது. என் அப்பா அவளைக் கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஏழு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கி வந்தார். “இத்தனை மீன் எதுக்குப்பா?” என்றேன். “வாரத்துக்கு ஒண்ணு பேர் வைக்கலாம்னு சொன்னாளே!” என்றார். 2016-இல் அப்பா காலமானார். மீன்கள் இருந்தன. அவற்றுக்கு இரை போடும்போதெல்லாம் என் பெண் தாத்தா பேச்சை எடுப்பாள்.

நெரூலில் வீடு பார்த்தபோது தரகர் இந்தியில் கேட்டார்: “சைவம்தானே? இந்தக் கட்டடத்தில் மீன், கறி கூடாது.” நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண், “எங்க வீட்ல ஏழு மீன் இருக்கே, அங்கிள்!” என்றாள். தரகரைச் சமாதானப்படுத்த எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

சுத்தம் செய்த தவறு

புது வீட்டுக்கு அழுக்குத் தொட்டியைக் கொண்டுபோகலாமா? பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்வது போல் எல்லோருமாக உட்கார்ந்து தேய்த்தோம். கூழாங்கற்களைக் குழாய்த் தண்ணீரில் அலசி பால்கனி வெயிலில் காயவைத்தோம். ஃபில்டரில் இருந்த பஞ்சைச் சோப்புப் போட்டுப் பிழிந்தோம். பழைய தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் ஊற்றினோம். நெரூல் வீட்டில் பால் காய்ச்சிய கையோடு தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிரப்பி, பையிலிருந்த மீன்களை அப்படியே கவிழ்த்தோம். அன்று விசேஷமாயிற்றே என்று இரையும் இரண்டு பங்கு போட்டோம்.

தொட்டி கண்ணாடி போல் பளபளத்தது. எல்லோரும் நின்று பார்த்து ரசித்தோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் ஒன்று செத்தது. பன்னிரண்டாம் நாளுக்குள் ஐந்து போய்விட்டன. “தண்ணி மாத்தினது ஒத்துக்கலைடா” என்றார் என் அம்மா. என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டியருகே போய் எண்ணிப் பார்ப்பாள்.

உறை மோர்

மீதி இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமே என்று கிராஃபர்ட் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, “ஃபில்டர் பஞ்சைக் கழுவினீர்களா?” என்பதுதான். கழுவினோம் என்றோம். தலையில் அடித்துக்கொண்டார்.

பிரயாணத்தில் மீன் அவ்வளவு சுலபமாகச் சாகாது. நம் சென்னை கொளத்தூர், அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற இடம். அங்கேயிருந்து வெளியூர் போகும் மீன்களை, பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் மீதிக்கு ஆக்சிஜனுமாக அடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். அப்படி அடைத்த மீன் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். செம்பூரிலிருந்து வாஷி பாலத்தைத் தாண்டி நெரூல் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் மீன்கள் செத்தது வழியில் அல்ல, போய்ச் சேர்ந்த பிறகு.

காரணம் இதுதான். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மிஞ்சிய இரை அழுகினாலும் அதுவே உண்டாகும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. இது அத்தனை கெடுதல் இல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் வாழ்கின்றன. காய்ந்தாலும், சோப்புப் பட்டாலும், குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டாலும் அழிந்துவிடும். திரும்ப வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் அழுக்கு என்று கழுவித் தள்ளியது இவற்றைத்தான். போதாக்குறைக்கு, அந்தக் கட்டடத்தில் வந்தது போர் தண்ணீர். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் அதிகம்.

பெரியவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி, “இது நம்ம உறை மோர் மாதிரிதானேங்க!” என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீடு மாறிய அன்று என் அம்மா சாமான் வண்டியை நம்பாமல் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கரண்டித் தயிர். புது வீட்டில் அன்று ராத்திரியே பால் உறைக்கு ஊற்றியாகிவிட்டது. தயிருக்குச் செய்ததை மீனுக்குச் செய்யத் தெரியாமல் போயிற்று.

திரும்பி வந்தபோது செய்தவை

மீதி இரண்டும் பிழைத்துக்கொண்டன. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, இரையைக் குறைத்து ஒரு மாதம் கவனித்தோம். 2023-இல் செம்பூருக்குத் திரும்பியபோது அந்த இரண்டோடு, இடையில் வாங்கிய மூன்று கோல்ட் ஃபிஷ்ஷும் ஒரு சக்கர் மீனும் இருந்தன. இந்தத் தடவை செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரை போடவில்லை. வயிறு காலியாக இருந்தால் பைத்தண்ணீர் அசுத்தமாகாது. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும்.

வீட்டுச் சாமான்களை முதல் நாளே அனுப்பிவிட்டோம். தொட்டிக்கு மட்டும் மறுநாள் தனி நடை. பழைய வீட்டில் கடைசியாகக் கழற்றியதும் புது வீட்டில் முதலில் பொருத்தியதும் மீன் தொட்டிதான்.

பழைய தண்ணீரில் பாதியை மூடியுள்ள பக்கெட்டுகளில் பிடித்துக்கொண்டோம். பாக்டீரியாவுக்காக அல்ல, தண்ணீரின் குணம் திடீரென்று மாறினால் மீன் தாங்காது என்பதற்காக. தண்ணீர் பாதியாகக் குறைந்த பிறகுதான் மீன்களைப் பிடித்தோம். அப்போது துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. பெரிய மீனுக்குத் தனித்தனிப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. சக்கர் மீனின் முள் பையைக் கிழித்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் ஒரு மூடி போட்ட டப்பா.

ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல், பிழியாமல், பழைய தண்ணீரிலேயே முக்கி ஒரு பக்கெட்டில் வைத்தோம். பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும் என்பதால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப்பை அதில் போட்டோம். கற்களும் ஈரத்தோடு இன்னொரு பக்கெட்டில் வந்தன.

தொட்டியை முழுக்கக் காலி செய்தே தூக்கினோம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியைத் தளும்ப நிரப்பினால் 127 லிட்டர். தண்ணீர் மட்டுமே 127 கிலோ. அரைத் தண்ணீரோடு தூக்கினாலும் ஓட்டு விட்டுவிடும். கண்ணாடியும் விரிசல் காணும்.

புது வீட்டில் சுவரோரமாக, மட்டம் பார்த்து ஸ்டாண்டை வைத்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் விரித்தோம். முதலில் பழைய தண்ணீர், கற்கள், ஃபில்டர். பிறகு, முதல் நாளே பிடித்து வைத்து ‘ஆன்ட்டி குளோரின்’ விட்ட புதுத் தண்ணீர். மீன் பைகளைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டோம். பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, அரை மணி கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். பைத்தண்ணீரைக் கொட்டிவிட்டோம். அன்று முழுவதும் விளக்கும் இல்லை, இரையும் இல்லை. முதல் வாரம் அரை வயிற்றுக்குத்தான் இரை. அம்மோனியா பார்க்கும் கிட் ஒன்று வாங்கித் தினமும் சோதித்தோம்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் கொஞ்சம் பயம்தான். எழுந்ததும் நேரே தொட்டியிடம் போனேன். எனக்கு முன்பே என் பெண் அங்கே நின்றிருந்தாள். பதினைந்து வயதாகியும் எண்ணும் பழக்கம் விடவில்லை. “ஆறும் இருக்குப்பா” என்றாள். தண்ணீர் கலங்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. தாத்தா வாங்கிய இரண்டும் அதே சோம்பலோடு நீந்திக்கொண்டிருந்தன.

கோல்ட் ஃபிஷ் நன்றாகக் கவனித்தால் பத்துப் பதினைந்து வருடம்கூட வாழும். அதற்குள் நம்மில் பலர் இரண்டு வீடாவது மாறிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் மீன் தொட்டி இருந்து, நீங்களும் மூட்டை கட்டும் நாள் நெருங்கினால், தொட்டிக் கண்ணாடியை எவ்வளவு வேண்டுமானாலும் துடையுங்கள். அந்த ஃபில்டர் பஞ்சை மட்டும் கழுவாமல் கொண்டுபோங்கள். தயிர்ச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாரே என் அம்மா, அதே ஜாக்கிரதையோடு.