குளத்தங்கரையில் ஒரு பாடம்

1909-ஆம் ஆண்டு. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய்நார்க் கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை உற்றுப் பார்த்தார். மோனசைட்! அந்த மணலின் ஊரைத் தேடி வந்தவர் கண்ட இடம்தான் நம்ம மணவாளக்குறிச்சி. நம் முன்னோர் காலில் ஒட்டினால் தட்டிவிட்டுப் போன மணல் அது.

உற்றுப் பார்ப்பவனுக்கே பொருள் தெரியும். அந்தக் கண்ணோடு நம்ம பக்கத்துக் குளங்களையும் பார்ப்போமே நண்பர்களே!

"பறவை பாக்கவா போற? வேற சோலி இல்லியா மக்கா?" என்று என்னைக் கேட்காத ஆளில்லை. சோலி நிறைய உண்டு. ஆனால் வகுப்பில் படிப்பது குளத்தங்கரையில் உயிரோடு நிற்பதைப் பார்க்கும் சுகம் வேறு. பாரத்தைப் பரப்பில் பகிர்ந்தால் அழுத்தம் குறையும் என்று படிக்கிறோம். தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழியின் நீண்ட விரல்களைப் பாருங்கள், அஸ்திவாரத் தத்துவம் புரிந்துவிடும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும்; நத்தையைக் கையாள அமைந்த இடுக்கி அது. பாம்புத்தாராவின் இறகு தண்ணீரில் நனையும். அதனால் சுலபமாக முங்கி மீன் பிடிக்கிறது, பிறகு கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கிறது.

ஏன் இங்கே வருகின்றன?

வடக்கே குளிரில் நீர்நிலைகள் உறையும்போது நீலச்சிறகி வாத்துகளும் உள்ளான்களும் தெற்கே கிளம்புகின்றன. இந்திய நிலம் முடிகிற இடம் நம்ம குமரி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நமக்குண்டு. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும் கால்வாய் வழியே குளங்களுக்கு வருகிறது. ஆகவே தீனியும் தங்குமிடமும் ரெடி!

கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம், முட்டத்துப் பாறைகள், புத்தளம் உப்பளம், பழையாறு கடலில் கலக்கும் மணக்குடி, அப்புறம் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள். கொஞ்சம் பஸ், கொஞ்சம் சைக்கிள், ஒரே நாளில் பார்த்துவிடலாம். காசு செலவில்லாத சுற்றுலா இது.

கணக்கு எதற்கு?

பார்த்தால் மட்டும் போதாது, எழுதிவைக்க வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2022-இல் நம் மாவட்டத்தின் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் (94.23 ஹெக்டேர்), வேம்பனூர் ஈரநிலமும் (19.75 ஹெக்டேர்) ராம்சார் பட்டியலில் ஏறின. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உலக ஒப்பந்தத்தின் பட்டியல் அது. "இந்தக் குளத்துல அப்படி என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், வருடக்கணக்காக எழுதிய நோட்டுப் புத்தகம்தான் பதில் சொல்லும்.

பட்டியலில் ஏறாத சின்னக் குளங்களின் கதை என்ன? ஒருபக்கம் ஆகாயத்தாமரை மூடுகிறது, மறுபக்கம் மண் நிரப்பி மனை போடுகிறார்கள். போவது பறவை மட்டுமல்ல. கடலோர ஊரில் நிலத்தடி நன்னீர்தான் உப்புநீரை உள்ளே வரவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. அந்த நன்னீரை ஊறவைப்பது குளம். குளம் போனால் நாளைக்குக் கிணறு உப்புக் கரிக்கும். குடிதண்ணிக்குக் குடத்தோடு அலையப்போவது நம்ம வீட்டுப் பெண்கள்தான்.

என்ன செய்யலாம்? விடியற்காலையில் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ஒரு சாதாரண பைனாகுலர், ஒரு நோட்டு, கூட ஒரு சேக்காளி போதும். தேதி, நேரம், இடம், தண்ணீர் அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை, அது என்ன செய்தது, இவ்வளவையும் எழுதுங்கள். கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை அளவுகோலாக வைத்து மீதியைக் கணியுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் எப்படி என்று படம் வரையுங்கள். டிராயிங் பழகிய கைதானே! கூட்டருகே போகாதீர்கள், கல்லெறிந்து பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள்.

மூன்று வருடப் படிப்பு முடிந்து நாம் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். போகும்முன் நம் ஊர்க் குளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று ஜனவரிக் கணக்கு எழுதி, அடுத்து வரும் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அந்த நோட்டு நின்றுபோகாமல் இருந்தால் குளமும் நிற்கும்.