எந்தப் பண்ணைக்கு எந்த மாடு?

பண்டைத் தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் 'செல்வம்' என்றொரு பொருளும் உண்டு. தோட்டப்புறத்தில் வாழும் நம் மக்களுக்கு இப்பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலும், விடாமழை பெய்யும் நாள்களிலும் வெட்டு வருமானம் குறைகின்றபொழுது, கொட்டகையில் நிற்கும் ஒரு மாடு குடும்பத்தைத் தாங்கி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளின் மேற்படிப்பும் வீட்டுத் திருமணமும் மாடு விற்ற பணத்தால் நிறைவேறியது உண்டு.

ஆயினும், செல்வமாக வேண்டிய மாடு சுமையாகிவிடுவதும் உண்டு. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்துப் பெரிய உடலும் உயர்ந்த திமிலும் கொண்ட மாட்டை வாங்கி, ஓராண்டிற்குள் அது எலும்பும் தோலுமாகிவிட, பாதி விலைக்கு விற்றவர் உண்டு. இதற்கு நோய்தான் காரணமாக வேண்டும் என்பதில்லை. மாடு நல்ல மாடாகவே இருக்கும். அதை வாங்கியவரும் உழைப்பாளியாகவே இருப்பார். அந்த மாட்டிற்கும் அந்தப் பண்ணைக்கும் பொருத்தம் இல்லாமற் போனதே குறை.

நம் நாட்டிற்கு வேண்டிய மாட்டிறைச்சியில் பெரும்பகுதி இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஆகவே, உள்நாட்டில் வளர்க்கும் மாட்டிற்குச் சந்தை உண்டு என்பதில் ஐயமில்லை. இறைச்சிக்கென மாடு வளர்ப்பதை மனம் ஒப்பாத குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அவர்களுடைய உணர்வு மதிக்கத்தக்கது. எனினும், பாலுக்கென மாடு வைத்திருப்போர்க்கும் எந்த இனம் தம் நிலைக்கு ஏற்றது என்னும் அறிவு பயன்படும் என்பதால், இக்கட்டுரை இருசாரார்க்கும் உரியதே.

தீவனமே முதற்கேள்வி

மாடு வாங்க எண்ணுவோர், "எந்த இனம் சிறந்தது?" என்று கேட்பது வழக்கம். "என்னால் நாள்தோறும் எவ்வளவு புல் கொடுக்க முடியும்?" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் உண்ணும். இதனைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 கிலோ எடையுள்ள சிறிய பசுவிற்கு நாளொன்றுக்கு 25 கிலோ புல் வேண்டும். 500 கிலோ எடையுள்ள பெரிய பசுவிற்கு 50 கிலோ வேண்டும். பெரிய பசுக்கள் இரண்டை வைத்திருப்பவர் நாள்தோறும் 100 கிலோ புல்லுக்கு வழி செய்ய வேண்டும். விடியற்காலையில் வெட்டுக்குச் சென்று, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் ஒருவர், அதன்பின் அரிவாளுடன் புறப்பட்டு 100 கிலோ புல் அறுத்துச் சுமந்து வருவது எளிதன்று. அச்சுமை மனைவியின் தோளிலும் பிள்ளைகளின் தோளிலும் விழும்.

வயிறு நிறையாத பசு இளைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அது பருவத்திற்கும் வாராது. ஆண்டுதோறும் ஒரு கன்று ஈனும் சிறிய பசு, மூன்றாண்டுகளில் மூன்று கன்றுகளைத் தரும். அரைவயிற்றுடன் நிற்கும் பெரிய பசு, அதே மூன்றாண்டுகளில் ஒரு கன்றோடு நின்றுவிடக்கூடும். கன்று ஈனாத பசு எவ்வளவு பெரியதாயினும் அதனால் வருமானம் இல்லை. 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

நாம் அறிய வேண்டிய இனங்கள்

கெடா–கிளந்தான் மாடு: 'கே.கே.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வினம் தீபகற்ப மலேசியாவின் சொந்த இனமாகும். செம்பழுப்பு அல்லது கருமை நிறமும் சிறிய திமிலும் உடையது. வளர்ந்த பசுவின் எடை 250 கிலோவை ஒட்டியே இருக்கும். வெயிலையும் உண்ணியையும் தாங்கும். தரம் குறைந்த புல்லையும் உண்டு கன்று ஈனும். மெதுவாக வளர்வதும் உருவம் சிறுத்திருப்பதும் இதன் குறைகளாகும்.

உள்நாட்டு இந்தியப் பால்மாடு: தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்த நம் முன்னோரோடு இந்நாட்டிற்கு வந்த இந்திய மாடுகளின் வழித்தோன்றல் இது. ஒரு காலத்தில் வண்டியும் இழுத்தது, பாலும் தந்தது. கே.கே. மாட்டைவிடச் சற்றுப் பெரியது. பால் குறைவே எனினும், வீட்டுத் தேவைக்குப் போக அண்டை வீட்டார்க்கும் கொடுக்க முடியும்.

பிராமன்: அமெரிக்காவின் தென்பகுதியில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1920-ஆம் ஆண்டுகள் வரை, ஓங்கோல், கிர், காங்கிரேஜ் முதலிய இந்திய இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட இனம் இது. வெப்பம் தாங்கும், உண்ணியை எதிர்க்கும். ஆனால் பசுவே 450 கிலோவுக்கு மேல் வளரும். தீவனம் குறைந்தால், கிடாரி முதற்பருவத்திற்கு வரவே நீண்ட காலம் எடுத்துக்கொள்ளும்.

டிராட்மாஸ்டர்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிராமனையும் சார்ட்ஹார்ன் இனத்தையும் கலந்து உண்டாக்கப்பட்டது. நல்ல மேய்ச்சல் நிலம் உடையோர்க்கு ஏற்றது.

பிரக்மாஸ்: நம் நாட்டின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாகிய மார்டி, பிராமனையும் கே.கே. மாட்டையும் கலந்து உருவாக்கிய இனம். தாய்வழித் தாங்குதிறனும் தந்தைவழி வளர்ச்சியும் சேர்ந்திருப்பதால் செம்பனைத் தோட்டங்களில் மேய ஏற்றதாகும்.

பாலி மாடு: பாந்தெங் எனும் காட்டுமாட்டிலிருந்து பழக்கப்பட்ட இந்தோனேசிய இனம். கால்களின் கீழ்ப்பகுதியிலும் பின்புறத்திலும் வெண்மை காணப்படும். எளிய தீவனத்தில் தேறி, நன்கு கன்று ஈனும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும். செம்மறியாடுகளிடமிருந்து தொற்றும் ஒரு கொடிய சளிக்காய்ச்சல் இம்மாட்டை எளிதில் கொன்றுவிடும். எனவே செம்மறி வளர்க்கும் தோட்டத்தில் பாலி மாடு வேண்டா. மேலும், பாலி மாட்டையும் திமில் உள்ள பிற மாடுகளையும் கலந்தால், பிறக்கும் காளைக்கன்று மலடாக இருக்கும்.

நால்வகைப் பண்ணைகள்

முதலாவது, வீட்டையொட்டிய சிறு கொட்டகை. இரண்டு அல்லது மூன்று மாடுகள். சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் அறுத்த புல்லே தீவனம். தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெரிதும் உரியது இவ்வகையே. இதற்குக் கே.கே. மாடே பாதுகாப்பான தேர்வு. பாலும் வேண்டுமெனில் உள்நாட்டு இந்திய மாட்டை வைத்துக்கொள்ளலாம். தோட்டம் கைமாறினாலும், மறுநடவு தொடங்கினாலும், குடும்பம் வேறிடம் செல்ல நேர்ந்தாலும், சிறிய மாட்டை விரைவில் விற்றுப் பணமாக்கலாம் என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, மரங்களுக்கிடையே மேய்க்கும் மந்தை. இங்கு ஓர் உண்மையை நாம் தெளிவாகக் கூற வேண்டும். மாடும் பால்மரக் காடும் ஒத்துப்போவதில்லை. இளங்கன்றுகளை மாடு மேயும்; வளர்ந்த மரத்தில் உடலை உரசி வெட்டுப்பட்டையைக் கெடுக்கும்; பால்கோப்பைகளைத் தட்டிவிடும். நிழல் அடர்ந்த காட்டில் புல்லும் குறைவு. இதனாலேயே, ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970-ஆம் ஆண்டுகளில் பால்மரங்களுக்கிடையே மாட்டைவிடச் செம்மறியை வளர்ப்பதில் கருத்தைச் செலுத்தியது. மந்தை மாட்டிற்குச் செம்பனைத் தோட்டமே ஏற்றது. அங்கும், மரங்கள் ஏறக்குறைய ஐந்தாண்டு வளர்ச்சி அடைந்த பின்னரே, மின்வேலியிட்டு, பகுதி பகுதியாக மேய்க்க வேண்டும். இவ்வகைக்குக் கே.கே. பசுக்களும் பிரக்மாஸ் மாடுகளும் பொருந்தும்.

மூன்றாவது, கொழுக்க வைக்கும் பண்ணை. கன்று ஈனும் வேலை இங்கு இல்லை. இளங்காளைகளை வாங்கி, கொட்டகையில் கட்டிச் சில மாதங்கள் நன்கு ஊட்டி விற்பதே தொழில். நல்ல தீவனத்தை எடையாக மாற்றும் ஆற்றல் கே.கே. காளையைவிடக் கலப்பினக் காளைக்கே மிகுதி. ஆகையால் பிராமன் கலப்பு, டிராட்மாஸ்டர் கலப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு நம் நாட்டிலேயே கிடைக்கும் நல்ல மாட்டுத் தீவனமாகும். அதனைச் சிறிது சிறிதாகப் பழக்கி, புல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதே பிண்ணாக்கைச் செம்மறிக்கு மிகுதியாகக் கொடுத்தால் அதிலுள்ள செம்புச்சத்து நஞ்சாகிவிடும் என்பதை, இரண்டையும் வளர்ப்போர் மறத்தலாகாது. பிண்ணாக்கை விலைக்கு வாங்க இயலாதவர் இத்தொழிலில் இறங்காதிருத்தல் நலம்.

நான்காவது, பாலும் காளைக்கன்றும் சேர்ந்து வருமானம் தரும் பண்ணை. அருகில் பால் வாங்குவோர் உள்ள இடங்களில், சாகிவாலும் பிரீசியனும் கலந்த பசுக்களை வைத்துக்கொள்ளலாம். காளைக்கன்றுகளை வளர்த்து விற்கலாம். ஆனால் இவற்றிற்கு நல்ல புல்லும் கலப்புத் தீவனமும் தூய்மையான கொட்டகையும் இன்றியமையாதவை. இவற்றில் ஒன்று குறையினும் பால் குறையும்.

பெருமை தந்தை வழி, பாதுகாப்பு தாய் வழி

பெரிய கன்றும் வேண்டும், தீவனச் செலவும் குறைய வேண்டும் என்போர்க்கு ஒரு வழி உண்டு. தாயைச் சிறிய இனத்தில் வைத்துக்கொண்டு, வளர்ச்சியைத் தந்தை வழியாகப் பெறுவதே அவ்வழியாகும். கே.கே. பசுவைப் பிராமன் அல்லது பிரக்மாஸ் காளையுடன் சேர்த்தால், கன்று தாயைவிட விரைவாக வளரும். சொந்தக் காளை இல்லாதோர் கால்நடைத் துறையினரிடம் சினை ஊசி குறித்துக் கேட்கலாம்.

இதில் கவனம் தேவை. முதன்முறை சினையாகும் சிறிய கிடாரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்த்தலாகாது. கன்று பெருத்து, ஈன முடியாமல் தாயும் கன்றும் சேர்ந்து மடிவதுண்டு. முதல் ஈற்றுக்குக் கே.கே. காளையையே சேர்க்க வேண்டும். ஓரிரு கன்றுகள் ஈன்ற பசுவிற்கே கலப்புக் காளை உகந்தது. மேலும், ஒரே காளையை நெடுநாள் வைத்திருந்தால் அது தன் கிடாரிகளோடே சேர நேரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காளையை மாற்றுதல் வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்

தோட்டம் நிர்வாகத்திற்கு உரிய நிலம். மாடு வைத்துக்கொள்ளும் அனுமதியை எழுத்து வடிவில் பெற்றபின் மாட்டை வாங்குவதே முறை. வாய்ச்சொல் அனுமதி, நிர்வாகி மாறும்பொழுது மறைந்துவிடும்.

மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். முன்பற்களில் இரண்டு விழுந்து பெரிய பற்கள் முளைத்திருப்பின், வயது இரண்டை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானுக்கு மாடு வாங்குவோர், இரண்டு வயது நிறைந்த, ஊனமில்லாத மாட்டையே கேட்பர். எனவே விற்பவர்க்கும் இவ்வறிவு தேவை. கண், குளம்பு, மடி ஆகியவற்றையும் பார்த்து, மாட்டைச் சற்று நடக்கவிட்டும் பாருங்கள்.

கோமாரி, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தோல் கழலை நோயும் நம் நாட்டில் தோன்றியது. எனவே புதிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டிவைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மாட்டை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்லக் கால்நடைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். களைக்கொல்லி தெளித்த இடத்தில் புல் அறுப்பதும் மேய்ப்பதும் கூடா.

அன்பர்களே, ஊரில் ஒருவர் பெரிய மாடு வாங்கினார் என்பதற்காக நாமும் வாங்குதல் வேண்டா. இன்று மாலை புல்லறுக்கச் செல்லும்பொழுது, எத்தனை கட்டுப் புல் கிடைக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது, அதை யார் சுமக்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். கோடைநாளின் கணக்கும் மழைநாளின் கணக்கும் அதில் இருக்கட்டும். அந்தக் குறிப்புடன் மாவட்டக் கால்நடை அலுவலரைச் சென்று பாருங்கள். எந்த இனம், எத்தனை மாடு என்னும் கேள்விகளுக்கு விடை அந்தக் குறிப்பிலேயே பெரும்பாலும் இருக்கும்.