காற்கூறும் முக்காற்கூறும்

பாடசாலை வாயில்களிலே பரீட்சைப் பெறுபேறுகளைப் பறைசாற்றும் பதாகைகள் தொங்குகின்றன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்களும் புள்ளிகளும் அவற்றிலே பொலியும். "ஐயா, எந்தப் பள்ளிக்கூடம் திறம்?" என என்னை வினவும் பெற்றோர், அப்பதாகைகளை எண்ணிப் பார்த்துவிட்டே வருகின்றனர்.

அவர்களுக்கு நான் நன்னூற் பாயிரத்தை நினைவூட்டுவதுண்டு. பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைசெய்த இடத்தைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அன்னமும் பசுவும் முதல் வரிசையில் நிற்கின்றன. சொன்னதையே சொல்லும் கிளியோ, மண்ணோடு கூட இடைவரிசையில் வைக்கப்பட்டது. அந்தக் கிளியை நாம் முதலிடத்துக்கு உயர்த்தி, மாலையும் சூட்டி, வாயிலிலே தொங்கவிட்டிருக்கிறோம். பசு என்னாயிற்று என்று கேளாதீர்கள். இருந்து அசைபோட அதற்கு நேரமில்லை, மாலையில் ரியூட்டரி இருக்கிறது.

அப்பாயிரத்திலே வேறொரு கணக்கும் உண்டு. ஆசிரியன் உரைப்பதைக் குறைவறக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். முப்பது ஆண்டுகள் வகுப்பிலே தொண்டை வறளப் பேசிய எனக்கு இக்கணக்கு உவப்பானதன்று. ஆயினும் ஒரு பள்ளியின் மேன்மையை அளக்க இதனினும் நல்ல கோலை நான் கண்டிலேன். அந்த முக்காற்பங்குக்கு அங்கே இடமுண்டா, நேரமுண்டா என்பதே என் கேள்வி.

நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, தம்மிடம் கற்ற மாணாக்கரைக் கொண்டே அதனை நடத்தினார். கையிற் பொருளில்லாமையும் அதற்கு ஒரு காரணமாகலாம். எனினும், அவ்வரைப்பங்கு அம்மாணாக்கருக்கு வாய்த்தது.

இதை உணர எனக்கு நெடுங்காலம் சென்றது. இலக்கணத்தில் எப்போதும் குறைந்த புள்ளி பெறும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனைக் கிளியாக்கவும் என்னால் இயலவில்லை. ஒருநாள், நான் வேறு அலுவலாய்ப் போகநேர்ந்தமையால், கீழ்வகுப்புப் பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்தேன். மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை, மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர் என்று அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். "அண்ணா, அங்கே ஒற்று மிகுந்ததே, இங்கே ஏன் மிகவில்லை?" என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். அவனுக்கு விடை தெரியவில்லை.

மறுநாட் காலை, மணியடிக்குமுன் என் மேசையருகே வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"ஐயா, மகரம் கெட்டால் மர என்பது உயிரீறு போல ஆகிவிடுகிறதல்லவா? உயிரீற்றுக்குப் பின் வல்லினந்தானே மிகும்? வேரில் இருப்பது இடையினம்."

இரண்டு விதிகளையும் வெவ்வேறு நாட்களில் அவனுக்கு மனனம் செய்வித்தவன் நானே. அவற்றை இணைத்துக் காட்ட எனக்குத் தோன்றியதில்லை. "சரிதான் தம்பி" என்றேன். அதற்குள் அவன் கீழ்வகுப்பை நோக்கி ஓடிவிட்டான், அச்சிறுமிக்குச் சொல்லவேண்டுமாம்.