தந்தையின் சட்டைப்பையில் மகளின் பாடம்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். பணக்காரனுக்கு ஒரு படி, தறித் தொழிலாளிக்கு ஒரு படி என்று அங்கே இல்லை. அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் ஏறவேண்டிய கல்விப் படியும் அப்படித்தானே இருக்கவேண்டும்? இருக்கிறதா?

2018-இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புதுக்கோலம் பூண்டன. பக்கங்களில் 'கியூ.ஆர்.' குறியீடு என்னும் சிறு கட்டத்தை அச்சிட்டனர். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய படமும் விளக்கமும் திரையில் விரியும். ஆய்வுக்கூடம் காணாத சிற்றூர்ப் பிள்ளைக்கும் அறிவியல் கண்முன் வரும். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். கைப்பேசி வந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று கதவடைக்கும் கூட்டத்தில் நாம் இல்லை.

ஆனால், தோழர்களே, அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? பொதட்டூர்ப்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் விசைத்தறி ஓட்டுவோரைக் கேளுங்கள். வீட்டில் ஒன்றுதான் என்றால், விடிந்ததும் அது தந்தையின் சட்டைப்பையில் ஏறித் தறிக்குப் போய்விடும். இரவு திரும்பினால் அண்ணன் கைக்கு முதலில் போகும். தங்கையின் முறை வருமுன் விளக்கு அணைந்துவிடும். புத்தகம் மகளிடம், பாடத்தின் பாதியோ தந்தையின் பையில்!

திருத்தணி வட்டாரத்துக்கு மட்டும் உரிய குறை அன்று இது. 2021-இல் இந்தியச் சிற்றூர்களில் நடந்த 'அசர்' ஆய்வு, பள்ளிப் பிள்ளைகளில் 67.6 சதவீதத்தினரின் வீடுகளில் திறன்பேசி இருப்பதாகக் கண்டது. அந்த வீடுகளிலேயே கால்பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்கு எட்டவில்லை என்றும் கண்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கிறது. திரையால் நிரப்ப முடியாத பள்ளத்தை நிரப்ப, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டி வந்ததே!

தென் அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடு உருகுவே. அங்கே 2007-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினியை அரசே வழங்கியது. கருவி இல்லாமல் பாடம் இல்லை என்றால், கருவி தருவதும் அரசின் கடமை என்பதே அதன் பொருள். வகுப்பறைதோறும் பொதுக் கருவி வேண்டும் என்று நாம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

கேட்டுக்கொண்டே கைகட்டி நிற்பதா? ஊருக்கு ஊர் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. மாலையில் ஒரு கைப்பேசியை அங்கே ஒதுக்குங்கள். பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் காட்டலாம். பத்துப் பிள்ளைகள் சுற்றி அமரட்டும். படித்த தோழர் ஒருவர் விளக்கட்டும். பெண்பிள்ளைகள் முன்வரிசையில் அமரட்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிதன்று. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம்மோடு இணைவதற்கு முன்பே, மங்கலங்கிழார் இந்த வடவெல்லைச் சிற்றூர்களில் தமிழ்ப் பள்ளிகள் நடத்தினார். ஆட்சி வந்து கற்பிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டாம். படிப்பகத்தின் கதவைத் திறவுங்கள், தோழர்களே!