அறுவடைப் பருவத்தில் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும்

மார்கழி, தை மாதங்களில் ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி முதலிய பக்கங்களிலுள்ள குடியானவர்களுக்கு இரண்டு வேலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. சம்பா நெல் அறுப்புக்கு வருகிறது. நவரைக்கு நாற்று நடவேண்டியிருக்கிறது. இரண்டும் குனிந்து செய்யும் வேலைகள். அறுவடை இயந்திரம் இந்நாளில் பல நிலங்களில் இறங்கியபோதிலும், நீர் வடியாத வயலில் அது புதைந்துவிடுமாதலால் அங்கே அரிவாளே துணை. இச்சமயத்தில் ஒருவர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டால், கூலியும் போய், பயிரும் காத்து நிற்கும்.

காரணம்

பனியே இதற்குக் காரணமென்று பலர் எண்ணுகின்றனர். சென்னைப் பக்கத்தில் ஜனவரி மாத அதிகாலையிலும் வெப்பம் சாதாரணமாக 20 டிகிரி சென்டிகிரேடையொட்டியே நிற்கிறது. அக்குளிரில் தசைகள் சற்று விறைக்குமேயன்றித் தாமாகக் கெடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறைந்து தளர்ந்த சரீரம், திடீரென நாள் முழுதும் குனியவும் சுமக்கவும் நேரிடுவதே முக்கிய காரணம். வழுக்கும் வரப்பு மற்றொன்று.

தடுக்கும் வழி

1. வயலில் இறங்குமுன் சிறிது நேரம் விரைந்து நடந்து, கை கால்களையும் இடுப்பையும் அசைத்துக்கொள்ளவேண்டும். முதல் அரைமணி இலேசான வேலையே நன்று.

2. அறுப்பவரும் கட்டுத் தூக்குபவரும் அவ்வப்போது வேலையை மாற்றிக்கொள்ளவேண்டும்.

3. மூட்டையை முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும். திரும்புகையில் இடுப்பை முறுக்காமல் பாதங்களைப் பெயர்த்துத் திரும்புக. வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்க 55 கிலோவே வரம்பென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ஆம் வருஷத்தில் சிபாரிசு செய்தது. பெண்களுக்கு இன்னும் வெகுவாகக் குறையவேண்டும். 75 கிலோ மூட்டை இவ்வரம்பை மிஞ்சியது. சிறு சாக்குகளில் பிடிப்பதே உசிதம்.

சிகிச்சை

சுளுக்கியவுடன் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது வழக்கம். முதல் இரண்டு நாட்களில் இது வீக்கத்தை அதிகப்படுத்தக்கூடும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிஷம் வரை, சில மணிக்கொரு தரம் வைத்து, மிதமான கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்துக்கொள்க. கட்டுக்குக் கீழே விரல் நீலமாகி மரத்தால் உடனே தளர்த்தவேண்டும். வீக்கம் தணிந்தபின் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவினால் கால் உணர்ச்சி குன்றியவர்கள் ஒத்தடம் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம். சுடுவதே அவர்களுக்குத் தெரியாது.

இடுப்புப் பிடிப்புக்கு நாட்கணக்கில் படுத்திருப்பது நன்மையன்று. வலி பொறுக்குமளவு மெல்ல நடமாடுபவர் விரைவில் தேறுவர்.

ஊன்றி நடக்க இயலாமை, எலும்பின்மேல் தொட்டால் கடும் வலி, மூட்டின் உருவம் மாறுதல் ஆகியவை முறிவின் அறிகுறிகளாகலாம். கட்டுக் கட்டுமுன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்து வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டினாலும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்க.

மீண்டும் வேலைக்கு

வலி நின்ற அன்றே நார்கள் முற்றும் ஆறிவிட்டன என்று கொள்ளலாகாது. சில வாரங்கள் செல்லும். சுளுக்கிய காலை மட்டும் ஊன்றி, தள்ளாடாமல் நிற்க முடிகிறதா என்று சோதித்து, முதலில் களத்து வேலை, பிறகு அறுப்பு, கடைசியில் சுமை என்று படிப்படியாகத் தொடங்கவேண்டும். அவசரப்பட்டுச் சுமை தூக்கி மறுமுறை சுளுக்கினால், இழப்பு இப்பருவத்தோடு நிற்பதில்லை.