உடல் எடைக் குறைப்புக்கான மூலிகைத் துணையுணவுகள்: பக்கவிளைவுகளும் மருந்து இடைவினைகளும்

முன்னுரை

குடம்புளி சேர்த்த மீன்குழம்பைத் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் குமரி மாவட்டத்தாரிடம் அப்புளி கல்லீரலைக் கெடுக்கும் என்றால் நகைப்பார்கள், நகைப்பது முறையே. ஆயினும் அதே கனியின் தோலிலிருந்து எடுத்த செறிவுச்சாற்றை அடைத்த குளிகைகளை உட்கொண்டு, மஞ்சட்காமாலையுடன் மருத்துவமனை சேர்ந்தோரைப் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா. மரபில் வழங்கும் மூலிகைக்கும் அதன் பெயரால் விற்கப்படும் எடைக்குறைப்புத் துணையுணவுக்கும் இடையே அளவும் அடையாளமும் உடன்சேர்க்கையும் மாறிவிடுகின்றன. ஆகவே முன்னதன் நற்பெயரைப் பின்னதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அளவும் வடிவும்

மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் இலங்கையிலும் வளரும் குடம்புளியின் கனித்தோலில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் மிகுந்துள்ளது. மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் பணியில் பங்கேற்கும் ஒரு நொதியை இவ்வமிலம் தடுக்கிறது. ஆய்வக விலங்குகளில் இவ்விளைவு காணப்பட்டதே வணிகத்திற்கு வித்தாயிற்று. மனிதரிடம் நிலை வேறு. 1998 இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியான ஆய்வில், உடல் எடை மிகுந்த 135 பேருள் ஒரு சாராருக்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் இவ்வமிலமும் மறுசாராருக்கு வெற்றுக்குளிகையும் 12 வாரம் தரப்பட்டன. எடைக்குறைவில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயன் ஐயத்திற்குரியதான ஒரு பொருளுக்குச் சிறு தீங்கும் பெருந்தீங்கே என்பதனால் இம்முடிவை முதலில் சுட்டவேண்டியுள்ளது.

2009 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 'ஹைட்ராக்சிகட்' என்னும் எடைக்குறைப்புப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தது. ஓர் இறப்பு உட்படக் கல்லீரல் பாதிப்பு பற்றிய 23 அறிக்கைகள் அதற்கு வந்திருந்தன. பொருள்கள் சந்தையிலிருந்து மீட்கப்பட்டன. அவை பலகூட்டுப் பொருள்களாதலின் குற்றவாளி எது என அன்று துணிய முடியவில்லை. 2022 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று குடம்புளிச் சாறு தொடர்பான 22 கல்லீரல் பாதிப்புகளை ஆராய்ந்து, அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்னும் மரபணு வகை இருப்பதைக் கண்டது. பச்சைத்தேயிலைச் சாற்றினால் கல்லீரல் பாதிப்புற்றோரிடமும் இதே மரபணு வகை மிகுந்திருப்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இம்மரபணு உடையோர் அனைவரும் பாதிக்கப்படுவதில்லை. ஆயின் யார் பாதிக்கப்படுவர் என்பதை முன்கூட்டியே அறியவும் வழியில்லை. அண்டை வீட்டாருக்கு ஒன்றும் நேரவில்லை என்னும் பட்டறிவு இங்குப் பயன்படாமல் போவது இதனாலேயே.

பச்சைத்தேயிலையில் அளவின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதன் முதன்மை வேதிப்பொருளான ஈ.ஜி.சி.ஜி., தேநீராகப் பருகுவோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை கிடைக்கிறது. துணையுணவாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொள்ளும்போது கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் இப்பொருள் இரத்தத்தில் இன்னும் மிகுதியாகச் சேரும். உணவுக்கு முன் குளிகை விழுங்கும் எடைக்குறைப்பு வழக்கத்தை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

ஒரு பெயர், இரு செடிகள்

பெல்ஜியத்தில் நிகழ்ந்தது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. சொற்பொருட் சிக்கலும் ஆகும். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்சு நகரத்து எடைக்குறைப்பு மருத்துவமனை ஒன்று, சீன மூலிகையான 'ஹான் ஃபாங்ஜி'யைத் தன் கூட்டில் சேர்த்தது. ஆனால் 'குவாங் ஃபாங்ஜி' அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 'ஃபாங்ஜி' என்னும் பொதுப்பெயர் இரண்டையும் குறிக்கும். தாவரவியலிலோ அவை வெவ்வேறு குடும்பங்கள். பின்னது அரிஸ்டோலோக்கியா பேரினத்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் சிறுநீரகம் செயலிழந்த பெண்களைப் பற்றி 1993 இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோருள் 39 பேர் தம் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்ற இசைந்தனர். அவர்களுள் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்தமை 2000 இல் வெளியிடப்பட்டது.

ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. மரபு மருத்துவம் இவற்றைக் கையாண்டு வந்துள்ளது என்பது உண்மை. ஆனால் மரபின் கூர்நோக்கு வாந்தி, கழிச்சல் போன்ற உடனடி விளைவுகளை எளிதிற் காணும். ஆண்டுகள் பல கழித்துத் தோன்றும் புற்றுநோயை, முன்னர் உண்ட ஒரு வேரோடு இணைத்துக் காண்பது அதற்கு அரிது. பெயர்க்குழப்பமும் நமக்குப் புதிதன்று. 'பிரமி' என்னும் பெயர் ஓரிடத்தில் வல்லாரையையும் வேறோரிடத்தில் நீர்ப்பிரமியையும் சுட்டுகிறது. மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலிகைப் பெயரோடு தாவரவியற் பெயரையும் தருதல் வெறும் அலங்காரமன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மருந்துகளோடு இடைவினை

திருநெல்வேலிச் சீமையில் விளைந்து 'டின்னவெல்லி சென்னா' என வணிகப்பெயர் பெற்ற நிலாவாரை, பல 'மெலிவுத் தேநீர்'களின் அடிப்படை. இது பெருங்குடலில் செயற்படுவது. உணவின் ஆற்றலோ பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே தராசில் குறைவது நீரே, கொழுப்பன்று. நீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. இதய நோய்க்கு டிகாக்சின் உட்கொள்வோருக்குப் பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவிலேயே அம்மருந்து நஞ்சாகலாம். ஃபியூரோசிமைடு போன்ற சிறுநீர் பெருக்கி மருந்தும் சேர்ந்தால் இழப்பு இரட்டிக்கும். அதிமதுரம் கலந்த கூட்டுகள் வேறு வழியில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன.

மருந்தின் உறிஞ்சலைத் தடுப்பது இன்னொரு வகை. தன்னார்வலர் பத்துப் பேர் 14 நாள் பச்சைத்தேநீர் பருகியபின், இரத்த அழுத்த மருந்தான நாடலால் அவர்களின் இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது என 2014 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குக்கிலுச் சாறு டில்டியாசெம், புரொப்ரனலால் ஆகியவற்றின் அளவைக் குறைப்பதாக இந்திய ஆய்வு உள்ளது. கொத்தவரை விதைப்பிசின் நீரில் ஊதிப் பசித்தணிப்பு தருவது. மருந்துகளின் உறிஞ்சலையும் அது தாமதப்படுத்தலாம். போதிய நீரின்றி விழுங்கியோருக்கு உணவுக்குழாய் அடைபட்டதும் உண்டு. மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளோடு குடம்புளிக் குளிகை உட்கொண்ட பெண்ணொருவருக்குச் செரட்டோனின் மிகைக் குறித்தொகுதி தோன்றியதாக ஒரு தனிநோயாளி அறிக்கை உள்ளது. ஒற்றைப் பதிவாதலின் அதற்குரிய எல்லையோடு கொள்ளத்தக்கது.

மறைந்திருக்கும் மருந்து

புட்டியின் மேலுள்ள பட்டியல் மெய்யாயிருந்தால்தான் மேற்கூறியவை பொருந்தும். 2007 முதல் 2016 வரை அறிவிக்கப்படாத மருந்து கலந்திருந்ததாக அமெரிக்க நிர்வாகம் கண்டறிந்த 776 துணையுணவுகளுள் 317 எடைக்குறைப்புக்கானவை. அவற்றுள் பெரும்பான்மையில் இருந்தது சிபுட்ரமின். மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைவிடப்பட்டு, 2011 இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்ட மருந்து அது.

இந்தியாவில், உடற்பருமனைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டமே விலக்குகிறது. ஆனால் உடலின் செயலை மாற்றக் கருதிய பொருளை மருந்தெனக் கொள்ளும் அதன் வரையறை 'உணவு நீங்கலாக' என்கிறது. துணையுணவுகளோ 2016 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்கீழ் உணவாக வருகின்றன. நோயாளியும் அவற்றை அவ்வாறே எண்ணுகிறார். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று மருத்துவர் வினவும்போது "இல்லை" என்னும் விடை வருவதில் வியப்பில்லை, அவர் பொய் கூறவில்லை. பொடி, தேநீர், கசாயம், குளிகை எனத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்பதும், இயன்றால் புட்டியையே கொண்டுவரச் செய்து பார்ப்பதும் இவ்விடத்துத் தேவைப்படுகின்றன.